சாமி வாயில மருந்து இருக்கு

என் தம்பி காலையில் கடைக்கு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் பேசமாட்டான். நாக்குக்கு அடியில் மாத்திரை இருக்கும். அது தானாகக் கரைய வேண்டும். கடிக்கக் கூடாது, விழுங்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, பேசவும் கூடாது. நானோ வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று நினைக்கிற ரகம். ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருத்திக்கு வாய் ஓயாது, இன்னொருத்தனுக்குப் பேசாமல் இருப்பதே மருந்து.

கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாரில், வற்றல் மிளகாய்க் கிடங்குக்கும் ஓர் அரிசிக் கடைக்கும் இடையில் இருக்கிறது எங்கள் இட்லிக் கடை. என் வீட்டுக்காரருக்கு எர்ணாகுளத்தில் ஓட்டல் வேலை, வாரத்துக்கு ஒரு தரம் வருவார். கடை என் பொறுப்பு. மூட்டை தூக்குகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், கிடங்கில் இஞ்சி புடைக்கிற சேச்சிமார்கள் எல்லாரும் வருவார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். மீதிப் படிப்பு இட்லி கட்டும் பேப்பரிலும் இவர்கள் வாயிலும்தான். "உடம்பு எனக்கு முன்னாடியே எழுந்து வேலைக்குப் போயிடுச்சு, நான்தான் பின்னாடி ஓடி வரேன்" என்று ஒரு காலை மூட்டைக்காரச் சேட்டன் சொன்னார். அவர் பாலக்காட்டுப் பக்கம், தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வரும். இந்த மாதிரி வார்த்தை கேட்டால் எனக்கு அன்றைக்கு முழுக்க வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

தம்பியின் மாத்திரை நேரத்தில் அவர்கள் அவன் பக்கத்தில்தான் உட்காருவார்கள். மகன் பேசுவதில்லை, மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள், இப்படி என்னவெல்லாமோ சொல்வார்கள். ஒரு சேச்சி என்னிடம் சொன்னாள்: "உன் தம்பிகிட்ட சொன்னா மனசு லேசாகுது மோளே. நடுவுல புகுந்து ஆறுதல் சொல்லமாட்டான்."

அது என்ன மாத்திரை என்று யாராவது கேட்டால், வயிற்றுப் புண்ணுக்கு என்று நாங்கள் சொல்லிவைத்திருந்தோம்.

உண்மை வேறு. கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறபோது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தவன் அவன். ஆசுபத்திரியில் வலிக்குப் போட்ட ஊசி, வலி போன பிறகும் அவனை விடவில்லை. முதலில் வலி மாத்திரைப் பட்டையாக வாங்கினான். பிறகு தோப்பும்படி ஹார்பர் பக்கத்தில் சில சிநேகிதர்களோடு சேர்ந்து ஊசியாகவே போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். அந்த நாட்களைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. அதிலிருந்து அவனை மேலே தூக்கியது எர்ணாகுளம் அரசு ஆசுபத்திரியில் கொடுத்த இந்த நாக்கடி மாத்திரை. அதைப் போட ஆரம்பித்த பிறகு சாப்பிட்டான், தூங்கினான், லைசென்ஸ் எடுத்தான், பெட்டி ஆட்டோ ஓட்டினான். ஹார்பரிலிருந்து மீன் பெட்டி ஏற்றுகிற வேலை. அதே ஹார்பருக்குப் போய்விட்டு அப்படியே திரும்பி வருகிறவனாக ஆகியிருந்தான். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் சண்டை என்றால் அது சாம்பாரில் உப்பு பற்றித்தான்.

கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டான்.

எங்கள் தெரு முனையில் ஆட்டோ ஓட்டுகிற பெரியவர் ஒருவர்தான் குருசாமி. வருஷா வருஷம் இருபது முப்பது பேரை மலைக்குக் கூட்டிப் போகிறவர். சர்க்கரை வியாதிக்காரர், குரல் மட்டும் கோயில் மணி. அவர் கையால் மாலை போட்டு, கறுப்பு வேட்டி கட்டி, செருப்பில்லாமல் தம்பி கடைக்கு வந்தபோது எனக்குக் கண் கலங்கியது. மீன் லோடு எடுக்கமாட்டேன் என்று வெங்காய லோடுக்கு மாறிக்கொண்டான்.

"இனிமே டேய்னு கூப்பிடக் கூடாது. சாமி" என்றான்.

"சரிங்க சாமி. சாமிக்கு இட்லி எத்தனை?"

"ஒரு வேளைச் சாப்பாடுதான். காலையில வெறும் சாயா."

அன்றைக்கு வந்து உட்கார்ந்ததுமே பேசினான். மறுநாளும் பேசினான். மூட்டைக்காரச் சேட்டனுக்குத்தான் குறை. "எந்தா ஸ்வாமி, இப்ப நாங்க பேச இடமே குடுக்கல?" என்றார். எல்லாரும் சிரித்தோம். மாலை போட்ட சந்தோஷம் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அவன் வாய் காலியாக இருந்தது என் மண்டையில் ஏறவே இல்லை.

அடுத்த நாள் கொட்டாவியாக விட்டான். தூங்கி விழுகிறவனின் கொட்டாவி இல்லை, தாடை கழன்றுவிடும்போல ஒன்றன்மேல் ஒன்றாக. பிறகு தும்மல். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். மிளகாய்க் கிடங்குக்குப் பக்கத்தில் தும்மலுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? எங்கள் தெருவில் பிறந்த குழந்தைகூட முதலில் தும்மிவிட்டுத்தான் அழும். விடியற்காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியல், அதனால் ஜலதோஷம் என்று சேச்சிமார்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நான் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்தான். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினான். பாய் காலையில் நனைந்து கிடந்தது. கேட்டால், புழுக்கம் என்றான். கார்த்திகையில் என்ன புழுக்கம்?

சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் பஜனை. பெண்கள் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். குருசாமி சரணம் சொல்ல, எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். கற்பூரம் ஏற்றியதும் தம்பி எழுந்து நின்றான். கையில் இருந்த ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. முழங்கால் நடுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. பல் கிட்டிக்கொண்டு உதடு துடித்தது.

"சாமி வந்திருக்கு! சாமி வந்திருக்கு!" என்று என் பக்கத்தில் இருந்த பெண் கத்திக் குலவை போட்டாள்.

குருசாமி ஓடிவந்து அவன் நெற்றியில் விபூதி பூசினார். அவருக்கும் உடம்பு ஆடியது. "என் கையால மாலை போட்ட சாமி! பார்த்தீங்களா? புல்லரிச்சு நிக்கறத பார்த்தீங்களா?" என்றார். வரிசையாகப் போய் அவன் காலில் விழுந்தார்கள். ஒரு பெண் தன் கைக்குழந்தையை அவன் காலடியில் கிடத்தினாள். அத்தனை தலைகளுக்கு மேலாக அவன் என்னைப் பார்த்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஊசி கிடைக்காத நாட்களில் இதே ரோமம் இதே மாதிரி குத்திட்டு நின்று நான் பார்த்திருக்கிறேன். அப்போது யாரும் அவன் காலில் விழவில்லை. எட்டி உதைக்கத்தான் ஆள் இருந்தது.

வீட்டுக்கு நடக்கிறபோது கேட்டேன். "மாத்திரை எங்க சாமி?"

"போடல."

"எப்பயிருந்து?"

"மாலை போட்ட அன்னையிலயிருந்து." சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சாமியெல்லாம் வரலக்கா. எனக்குக் காலு நிக்கல. அவங்க கால்ல விழுந்தப்போ செத்துரலாம்னு இருந்துச்சு."

"ஏன் நிறுத்துன? யாரு நிறுத்தச் சொன்னா?"

"விரதத்துல லஹரி, போதை எதுவும் தொடக் கூடாதுன்னாருல்ல குருசாமி."

"அவரு பீடியையும் கள்ளையும் சொன்னாரு சாமி."

"இது மட்டும் என்ன? அதுக்குப் பதிலாத்தானே இதக் குடுக்கறாங்க? எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க, ஒண்ண விட்டு ஒண்ணப் புடிச்சிருக்கான்னு? மாலை போட்டுத்தானே எத்தனையோ பேரு குடிய நிறுத்தறான். நான் இத நிறுத்தக் கூடாதா?"

ஊரில் ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு பேசுகிறவள், அன்றைக்கு வாயடைத்து நின்றேன். திட்டலாம் என்றால் கழுத்தில் மாலை. சாமி என்று கூப்பிட்டுக்கொண்டே எப்படித் திட்டுவது? "நீங்க ஒரு மடச்சாமி" என்று மட்டும் சொன்னேன். அந்த நிலையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் இருமல், இருமியதும் வாந்தி.

ஆசுபத்திரிக்குப் போகலாம் என்றால் தலையை ஆட்டினான். இத்தனை நாள் தாங்கியாயிற்று, இன்னும் கொஞ்சம் தாங்கினால் தீர்ந்துவிடும் என்றான். நானும், ஒருவேளை அப்படித்தானோ என்று நினைத்தேன். கஞ்சி வைத்தேன். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். கால் குடைகிறது, எலும்புக்குள் எறும்பு ஓடுகிறது என்பான். வெந்நீரில் துண்டைப் பிழிந்து கெண்டைக்காலில் சுற்றிவிடுவேன். கொஞ்ச நேரம் கேட்கும். கடைக்கு வந்து பெஞ்சில் உட்காருவான், எழுந்திருப்பான், உட்காருவான். கும்பிட வந்தவர்களைப் பார்த்துவிட்டுக் கிடங்குக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். "ஸ்வாமிக்கு அடக்கம் பாரு" என்றாள் ஒரு சேச்சி.

எனக்கு இருந்த பயம் தும்மலும் வாந்தியும் இல்லை. மருந்து தொடங்கிய நாளிலேயே டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு பழையதைக் கேட்கும். இடைவெளி விட்டவன் பழைய அளவையே திரும்பப் போட்டால் உடம்புக்கு அந்தப் பழக்கம் போயிருக்கும், மூச்சே நின்றுவிடலாம். ஒரே தடவை போதும். அந்த வார்த்தை மாவரைக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் என் கூடவே வந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் கடையை மூடிக்கொண்டிருந்தேன். அவன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். இறங்கவில்லை. போய்ப் பார்த்தால் ஒரு கையில் ஹாண்டில், இன்னொரு கையில் மாலையை இறுகப் பிடித்திருந்தான்.

"வெங்காயம் இறக்கியாச்சா?"

"இறக்கிட்டேன்." ஹாண்டிலிலிருந்து கையை எடுத்தான். "வர்ற வழியில வண்டி தானா தோப்பும்படிக்குத் திரும்பிடுச்சுக்கா."

"வண்டியா திரும்புச்சு?"

"ஹார்பர் கேட்டு வரைக்கும் போயிட்டேன். எனக்கு ஊசி குடுத்த அந்தப் பழைய சிநேகிதன் அங்கதான் நின்னான். என்னைப் பார்த்துக் கையக் காட்டுனான். இந்த மாலையோட, இந்த வேட்டியோட... எனக்கு வெக்கமே இல்லக்கா. இறங்க ஒரு காலு வெளிய வெச்சுட்டேன்."

"அப்புறம்?"

"ஒரு கிழவி வந்து 'சாமி சரணம்'னு கும்பிட்டுச்சு. காலை உள்ள எடுத்துட்டேன். இன்னைக்கு அது வந்துச்சு. நாளைக்கு வரணும்னு இருக்கா?"

நான் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். "குருசாமிகிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன்" என்றேன். சண்டைக்கு வருவான் என்றுதான் நினைத்தேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டே, "நீயே சொல்லு. எனக்கு வாய் வராது" என்றான்.

குருசாமி ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சாரத்திலிருந்து விழுந்ததில் ஆரம்பித்து ஹார்பர் கேட் வரை சொல்லி முடித்தேன். அவர் துணியைப் பிழியாமல் அப்படியே பிடித்திருந்தார். தண்ணீர் அவர் காலில் சொட்டியது.

"அப்போ அன்னைக்கு பஜனையில வந்தது?"

"மருந்து இல்லாம உடம்பு நடுங்கினது சாமி."

"அய்யோ" என்றார். முகம் சுருங்கிப்போயிற்று. "நான் ஆலுவா வரைக்கும் எல்லார்க்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேனேம்மா."

பாவமாகத்தான் இருந்தது. "சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். சாமி வரலைன்னு நானும் சத்தியம் பண்ணல. என் தம்பிக்கு மருந்து வேணும், அதத்தான் சொல்றேன்."

"ஆனா அது லஹரி இல்லையா?"

"அதப் போட்டப்புறம்தான் அவன் வண்டி ஓட்டினான், ஒழுங்கா சாப்பிட்டான், உங்ககிட்ட வந்து மாலை போட்டான். மயங்கிக் கிடந்தவனுக்கா நீங்க மாலை போட்டீங்க? தெளிஞ்சு நின்னவனுக்குத்தானே? அந்தத் தெளிவு எங்க இருந்து வந்துச்சு?"

எனக்கே ஆச்சரியம். அன்றைக்குத் தம்பியிடம் வராத பதில், அவரிடம் தானாக வந்தது. அவர் துணியைப் பிழிந்து திரும்பவும் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் வீட்டு வாசலில் அவர் ஆட்டோ. இறங்கவில்லை. ஹாரனை அழுத்தி அழுத்தி அடித்தார். தம்பி போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

"என் கூட மலைக்கு வரணும்னா, குருசாமி சொல்றத கேக்கணும். கேப்பியா?"

"கேக்கறேன் சாமி."

"ஆசுபத்திரிக்குப் போ. டாக்டரு சொல்றபடி மருந்து சாப்பிடு. மருந்து இல்லாத சாமிய நான் கூட்டிப் போகமாட்டேன். ஏறு, போட் ஜெட்டியில விடறேன்."

குருசாமி சொல்லைச் சாமிமார் தட்டக் கூடாது. அந்த வழக்கம்தான் அவனை அத்தனை நாள் கட்டிப்போட்டிருந்தது. அதுவே அவிழ்த்தும் விட்டது. போட் ஜெட்டிக்குப் போகும் வழியெல்லாம் அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. இறங்கும்போது மட்டும், "அந்தக் கைக்குழந்தைக்காரி கேட்டா என்ன சொல்றது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

ஆசுபத்திரி வரிசையில் கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக நின்றவனுக்கு எல்லாரும் வழிவிட்டார்கள். பழைய அதே டாக்டர்தான், சின்ன வயதுப் பெண். கோபிப்பார் என்று நான் தயாராக வந்திருந்தேன். அவர் அவன் கையைத் திருப்பி ரோமத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். நடுவில் வேறு ஏதாவது போட்டாயா என்று இரண்டு தரம் கேட்டார். இல்லை என்றான். "வந்தல்லோ, அது மதி" என்றார். வந்துவிட்டாயே, அது போதும் என்று. மருந்தை நிறுத்த ஆசைப்படுவது தப்பில்லை, ஆனால் மாடியிலிருந்து இறங்குகிறவன் படி வழியாகத்தான் இறங்க வேண்டும், மலைக்குப் போய்விட்டு வா, பிறகு நாம் சேர்ந்து ஒவ்வொரு படியாக இறங்கலாம் என்றார்.

குறைந்த அளவில் ஆரம்பித்து அங்கேயே உட்காரவைத்தார்கள். அவன் நாக்குக்கு அடியில் மாத்திரையோடு சுவரில் சாய்ந்திருந்தான். மின்விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாத்திரை கரைந்து கொஞ்ச நேரம் ஆனபின், நிற்காமல் ஆடிக்கொண்டிருந்த அவன் கால் நின்றது. அவன் கையைத் தடவிப் பார்த்தேன். ரோமம் படிந்திருந்தது.

"அக்கா, பசிக்குது" என்றான்.

"ஒரு வேளைச் சாப்பாடுன்னீங்களே சாமி?"

"அந்த ஒரு வேளை இதுதான்."

மலைக்குக் கிளம்புகிற நாள் காலை, கொட்டகையில் இருமுடிக் கட்டு நிறைத்தார்கள். ஒவ்வொரு சாமியாகக் கூப்பிட்டு, சரணம் சொல்லிக்கொண்டே தேங்காயில் நெய் ஊற்ற வேண்டும். வண்டி சீக்கிரம் புறப்படுகிறது என்று தம்பி அப்போதுதான் மாத்திரை வைத்திருந்தான். அதற்குள் அவன் முறை வந்துவிட்டது. போய் உட்கார்ந்தான். எல்லாரும் சரணம் சொன்னார்கள், அவன் வாய் மட்டும் திறக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு.

குருசாமி நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சாமி வாயில மருந்து இருக்கு" என்றார், அந்த மணிக் குரலில், கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி. "கரையட்டும்."

"என்ன மருந்து?" என்று யாரோ கேட்டார்கள்.

"நாக்குக்கு அடியில வெக்கிற மருந்து." அவர் தன் வயிற்றைத் தட்டிக்காட்டினார். "எனக்குச் சர்க்கரைக்கு இங்க ஊசி. அவருக்கு அங்க மாத்திரை. உனக்கு ஒண்ணும் இல்லைன்னா சந்தோஷம், உட்காரு."

உட்கார்ந்தார்கள். அத்தனை பேரும் என் தம்பியின் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுதது, யாரோ தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். கடைசியில் அவன் எச்சிலை விழுங்கிவிட்டு, கரகரத்த குரலில் முதல் சரணத்தைச் சொன்னான். நெய் ஊற்றும்போது கை ஆடவில்லை.

மலையிலிருந்து வந்த பிறகு டாக்டர் சொன்னபடி படி இறங்கினோம். சுலபம் என்று சொன்னால் பொய். ஒவ்வொரு தடவை அளவைக் குறைக்கும்போதும் ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. கால் குடையும், தூக்கம் போகும், சாம்பார் சரியில்லை என்று தட்டைத் தள்ளுவான். சாயங்காலம் இரண்டு பேரும் போட் ஜெட்டி வரை நடந்துவிட்டு வருவோம். ஒருமுறை தாங்கவில்லை. டாக்டரிடம் போனோம். அவர் பழைய அளவுக்கே ஏற்றிவிட்டு, அங்கேயே இன்னும் ஒரு மாதம் நிற்கலாம் என்றார். அதற்கு அவன் அழுதான். பிறகு, "படியில நிக்கறதும் இறங்கறதுலதான் சேர்த்தியாம்" என்று அவனே மூட்டைக்காரச் சேட்டனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். வயிற்றுப் புண் கதையை நாங்கள் எப்போது விட்டோம் என்று எனக்கே நினைவில்லை.

இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் மாத்திரை. அதுவும் சின்னத் துண்டு. மாத்திரை இல்லாத நாளில் வந்து உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்துவிடுகிறான்.

போன வாரம் மூட்டைக்காரச் சேட்டன் தன் மச்சினன் வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி மூன்று தடவை நடுவில் புகுந்து யோசனை சொன்னான்.

"இன்னைக்கு வாய் காலியா?" என்றார் அவர். "எடா, போய் ஒரு துண்டு போட்டுட்டு வாடா. நான் இத முடிச்சுக்கறேன்."

பெஞ்சே சிரித்தது. அந்த நேரத்தில் தம்பி தும்மினான், அடுத்தடுத்து இரண்டு தடவை. சிரிப்பு நின்றது. எல்லாரும் அவனைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். நான் தோசைக் கரண்டியை வைத்துவிட்டு அவன் கையைப் பார்த்தேன்.

"மிளகாய்தான்க்கா" என்றான், கையை என் முன்னால் நீட்டி. பின்னால் கிடங்கு வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது, சிவப்புத் தூசி வெயிலில் பறந்தது. ரோமம் படிந்திருந்தது. நானும் ஒரு தும்மல் போட்டுவிட்டு தோசையைத் திருப்பினேன்.